வகுப்பில் படம் ஓடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

பாட நேரத்தில் வீடியோ, கார்ட்டூன், சினிமா காட்டுவது பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒரு மாணவரும் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகள் நாலாம் வகுப்பு. வாரத்தில் ஒரு நாளாவது "இன்னைக்கு கணக்கு பீரியட்ல மிஸ் கார்ட்டூன் போட்டாங்க" என்று குதித்துக்கொண்டு வருகிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் பள்ளியில் போய்க் கேட்க மனம் வரவில்லை. ஃபீஸ் ரசீதைப் பார்த்தால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இது தவறா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். அதற்கு முன் மகளிடம் மூன்று விஷயங்களை விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடம் நடக்கும்போது ஓடியது? எவ்வளவு நேரம் ஓடியது, மணி அடிக்கும் வரையா? ஓடும்போது மிஸ் எங்கே இருந்தார்? மூன்றாவது கேள்வியில்தான் சங்கதி இருக்கிறது. திரைக்குப் பக்கத்தில் நின்று, நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டிருந்தால் அது கார்ட்டூனாகவே இருந்தாலும் பாடம்தான். மேஜையில் நோட்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தால், பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வைத்திருக்கும் வேலையைத் திரையிடம் ஒப்படைத்துவிட்டார்.

சோம்பல்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 40 பிள்ளைகள், ஆளுக்கு கிளாஸ்வொர்க், ஹோம்வொர்க், டெஸ்ட் என்று மூன்று நோட்டு, ஆக 120 நோட்டு. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் நாலு மணி நேரத் திருத்தல். ஓய்வு பீரியடோ லீவு போட்ட இன்னொரு டீச்சரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதில் போய்விடுகிறது. நீங்கள் நேராகத் தலைமையாசிரியரிடம் புகார் சொன்னால் கார்ட்டூன் நிற்கும், நோட்டுக் கட்டு அப்படியே இருக்கும். அடுத்த வாரம் அதே பீரியடில் "எல்லாரும் தலையைக் கவிழ்த்துப் படுங்க" என்பார்கள்.

போகிற நேரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்று வைத்திருக்கிறது. வாரம் ஒரு 40 நிமிட பீரியட் போனால் 40 வாரத்தில் ஏறக்குறைய 27 மணி. 800-இல் 27 பெரிதாகத் தெரியாது. ஆனால் போவது கணக்கு பீரியட் மட்டும். வாரம் 6 கணக்கு பீரியட் என்றால் ஆறில் ஒன்று, வருடத்துக்கு 40 வகுப்பு போகிறது. பின்னம் பாடத்தை முழுசாக நடத்தி, புரியாதவர்களுக்கு இன்னொரு தடவையும் நடத்தலாம்.

"கணக்கு கார்ட்டூன்தானே, நல்லதுதானே" என்று பதில் வரலாம். பெரும்பாலும் அது கரடி கேக் வெட்டும் கதையாக இருக்கும். பிள்ளைக்குக் கரடி விழுந்தது ஞாபகம் இருக்கும், கேக்கை எட்டாக வெட்டியது மறந்துவிடும். மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தில் மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய சுவையான செய்திகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஹார்ப், மேயர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1998-இல் இதையே எழுதினார்கள். சேர்த்துப் படித்தவர்களுக்கு மின்னலின் காரணப் படிகள் குறைவாகவே நினைவிருந்தன. சுவைக்குச் சேர்த்தது பாடத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வகுப்பு ஆசிரியரை மாலை பள்ளி விட்டதும் தனியாகப் பாருங்கள். "பாப்பா ரொம்ப ஆசையா சொன்னா மிஸ். எந்தப் பாடத்துக்குப் போட்டீங்க? வீட்டிலும் அதைத் தொட்டுப் பேசலாம்னு கேட்கிறேன்" என்றால் போதும். பாடத்தோடு சேர்த்துப் போட்டவர் உடனே சொல்வார். இல்லாதவருக்கும் விஷயம் புரிந்துவிடும், முகமும் கோணாது. இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் மாறவில்லை என்றால் தலைமையாசிரியர். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அங்கே கார்ட்டூனை மட்டும் பேசாமல், திருத்துவதற்கு டீச்சருக்கு எந்த பீரியட் இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு இதயம் பாடம். அருமையான அனிமேஷன் வீடியோ கிடைத்தது, 11 நிமிடம், ஆங்கிலம். முழுசாகப் போட்டேன். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நிற்கவில்லை. குறை வீடியோவிலா, காட்டிய விதத்திலா?
– அறிவியல் ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

பதில்: அந்த அமைதியை நம்பியதுதான் குறை. 1984-இல் கவ்ரியேல் சாலமன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரே விஷயத்தைப் படமாகவும் எழுத்தாகவும் கொடுத்துப் பார்த்தார். படம் சுலபம் என்று முன்கூட்டியே நினைத்துக்கொள்வதால் அதற்கு மூளையைக் குறைவாகவே உழைக்க விடுகிறார்கள், எழுத்திலிருந்துதான் அதிகம் எடுத்துக்கொண்டார்கள் என்று கண்டார். நம் பிள்ளைகளுக்கும் திரை என்றால் சினிமா. சாய்ந்து உட்கார்ந்து விடுவார்கள். சாயவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

11 நிமிடத்தில் உங்களுக்குத் தேவை இரண்டு நிமிடம்கூட இருக்காது. இதயத்தின் இருப்பிடம், அறைகளின் பெயர், பெரிகார்டியம் என்ற மேலுறை எல்லாம் புத்தகப் படத்திலேயே தெரியும். படத்தில் தெரியாதது வால்வு திறந்து மூடுவது. அதை மட்டும் வெட்டி எடுங்கள். எந்த விநாடியில் தொடங்கி எதில் முடிகிறது என்று பாடக்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்; வகுப்பில் நின்று தேடினால் அந்த அரை நிமிடத்தில் வகுப்பு கையை விட்டுப் போகும்.

40 நிமிட பீரியடை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் 6, 7 நிமிடம் திரையே வேண்டாம். கரும்பலகையில் நான்கு கட்டம், மேலே இரண்டு ஆரிக்கிள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள். "வெண்ட்ரிக்கிள் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுதே, அது ஏன் மேலே ஆரிக்கிளுக்கே திரும்பிப் போகல?" என்று கேட்டு, ஆளுக்கு ஒரு வரி ஊகத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சரி, தப்பு எதையும் சொல்லாதீர்கள். எழுதியவனுக்குத்தான் விடை வேண்டும் என்ற அரிப்பு வரும்.

இப்போது வீடியோ, ஒலி இல்லாமல், வேகத்தை 0.25-க்குக் குறைத்து. ஒரு இதயச் சுழற்சி 0.8 விநாடி. நிஜ வேகத்தில் ஓடும் அனிமேஷனில் கண் எதையும் பிடிக்காது. கால் வேகத்தில் ஒரு துடிப்பு 3.2 விநாடி ஆகிறது, ஆறு துடிப்பு காட்டினாலும் 20 விநாடிதான். இடப்பக்கப் பெஞ்சு, இடது ஆரிக்கிளுக்கும் இடது வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவே இருக்கும் ஈரிதழ் வால்வை மட்டும் பார்க்கட்டும், வலப்பக்கம் பெருந்தமனியின் வாயிலில் இருக்கும் அரைச்சந்திர வால்வை மட்டும். எல்லாவற்றையும் பார் என்றால் எதையும் பார்க்க மாட்டார்கள். வெண்ட்ரிக்கிள் சுருங்கும் நொடியில் நிறுத்தி, "உன் வால்வு திறந்திருக்கா, மூடியிருக்கா?" என்று இரு பக்கமும் கை தூக்கச் சொல்லுங்கள். ஒன்று திறக்கும்போது மற்றது மூடுகிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். கணினியில் யூடியூப் என்றால், நிறுத்திய பிறகு கமா விசை ஒரு ஃப்ரேம் பின்னே, முற்றுப்புள்ளி விசை ஒரு ஃப்ரேம் முன்னே நகர்த்தும். சரியான நொடியைப் பிடிக்க இதைவிட வசதி கிடையாது.

அடுத்த ஓட்டத்தில் உங்கள் குரல். ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடும்போது "லப்", அரைச்சந்திர வால்வுகள் மூடும்போது "டப்". வகுப்பே சேர்ந்து சொல்லட்டும். பிறகு திரையை அணைத்துவிடுங்கள். நிறுத்தி வைத்தால் போதாது, கறுப்பாக்க வேண்டும். உறைந்த படம் நிற்கும் வரை கண் அங்கேதான் போகும். நோட்டில் நினைவிலிருந்து வரைந்து, அம்புக்குறி போட 8 நிமிடம். மறுபடி ஒரு முறை படத்தை ஓட்டி, வேறு நிற மையால் அவர்களே திருத்தட்டும். கடைசியில் மூன்று கேள்வி ஸ்லிப் டெஸ்ட். மொத்தத்தில் திரை எரிந்தது ஆறேழு நிமிடம்.

வரையச் சொல்வதை நேரம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் மாணவர்களை ஒரு பகுதியைத் திரும்பப் படிக்க வைத்தும், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுத வைத்தும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னே. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நினைவிலிருந்து எழுதியவர்கள் முன்னே. வீடியோவை மூன்று முறை போடுவதும் திரும்பப் படிப்பது போலத்தான்.

இந்தப் பாடத்தில் வழக்கமாக நேரும் கோளாறு ஒன்று உண்டு. அனிமேஷனில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நீலமாக ஓடும். அது வரைபட வசதிக்கான நிறம், நிஜத்தில் அடர் சிவப்பு என்று நீங்கள் சொல்லாவிட்டால், "சிரையில் நீல ரத்தம்" என்று பரீட்சையில் எழுதுவார்கள். முன்கையில் தெரியும் சிரையையே சாட்சிக்குக் காட்டுவார்கள். ஆங்கிலக் குரல், ஆங்கில எழுத்து, நடுவில் உங்கள் தமிழ் மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவதும் அப்படித்தான் கெடுக்கும். தமிழ்வழி வகுப்பில் ஒலியையும் அடிவரியையும் அணைத்துவிட்டு நீங்களே பேசுங்கள். பின்னணி இசை இருந்தால் ஒலியை அணைக்க அது இன்னொரு காரணம்.

கூடவே ஒன்று. கையால் செய்து பார்க்க முடிவதை வீடியோவில் காட்டாதீர்கள். ஒளிச்சேர்க்கைக்குக் குளத்திலிருந்து ஒரு கை ஹைட்ரில்லா, ஒரு பீக்கர் தண்ணீர், கண்ணாடிப் புனல், தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த சோதனைக் குழாய் போதும். வெட்டிய தண்டு முனை புனலின் குழல் பக்கம் பார்த்திருக்க வேண்டும். தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட வேண்டும். காலை பத்து மணி வெயிலில் வைத்தால் குமிழி வருவதைப் பார்க்கலாம். வரவில்லை என்றால் பெரும்பாலும் செடி பழசு, இல்லை வெயில் போதவில்லை. ஏன் வரவில்லை என்று வகுப்பே மண்டையை உடைக்கும். வீடியோவில் ஒரு தடவைகூடக் குமிழி வராமல் போகாது.

கேள்வி: நான் பிளஸ் ஒன். எங்கள் இயற்பியல் சார் பீரியட் முழுக்க வேறு ஒரு சாருடைய யூடியூப் பாடத்தை ஓடவிடுகிறார். பாடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு எதுவும் ஏறவில்லை. என்னிடம்தான் கோளாறா?
– மாணவர், திண்டுக்கல்

பதில்: உங்களிடம் கோளாறு இல்லை, தம்பி. 2014-இல் பிலிப் குவோவும் கூட்டாளிகளும் எட்எக்ஸ் இணையவழிப் படிப்புகளில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர் ஈடுபட்டிருக்கும் இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள், நினைத்தால் நிறுத்தலாம், பின்னால் போகலாம். உங்கள் கையில் அந்தப் பொத்தானும் இல்லை.

எறிபொருள் இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சார் பலகையில் டெரிவேஷன் எழுதும்போது சாக்பீஸ் போகும் வேகமும் உங்கள் பேனா போகும் வேகமும் ஏறக்குறைய ஒன்று; ஒரு வரியிலிருந்து அடுத்த வரி ஏன் வந்தது என்று யோசிக்க இடைவெளி கிடைக்கிறது. வீடியோவில் வரி அச்சடித்தாற்போல வந்து நிற்கும். நீங்கள் காப்பி அடிக்கிறீர்கள், அதற்குள் அவர் வீச்சுக்குப் போய்விட்டார்.

சாரிடம் "வீடியோ வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். "சார், எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஒரு கணக்குக் கொடுத்தீங்கன்னா போட்டுப் பார்த்துக்கிறோம்" என்று நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள். பணியிடம் காலியாகி, வேறு பாட ஆசிரியரே இயற்பியலையும் பார்த்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. அங்கே அந்த வீடியோதான் இருப்பதில் நல்ல ஆசிரியர். அப்போதும் நிறுத்துகிற கை ஒன்று வேண்டும். லீடர் செய்யலாம்.

கேள்வி: எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். பாளையக்காரர் பாடத்துக்குப் பழைய சரித்திர சினிமாவிலிருந்து ஒரு காட்சி போட்டால் பிள்ளைகள் எழுந்து உட்காருகிறார்கள். சக ஆசிரியர் "சினிமாவைக் காட்டிச் சரித்திரத்தைக் கெடுக்காதீங்க" என்கிறார். யார் சொல்வது சரி?
– ஆசிரியை, தூத்துக்குடி

பதில்: இரண்டு பேரும் சரி. 2009-இல் ஆண்ட்ரூ பட்லர் குழுவினர் இதையே சோதித்தார்கள். ஒரு சரித்திரப் பகுதியைப் படிக்கக் கொடுத்து, அது பற்றிய சினிமாத் துண்டையும் காட்டினார்கள். சினிமாவும் பாடமும் ஒத்துப்போன விஷயங்களில், பாடம் மட்டும் படித்ததைவிட நினைவு ஏறக்குறைய 50 சதவீதம் கூடியது. முரண்பட்ட விஷயங்களில், கையிலேயே சரியான பாடம் இருந்தும், பாதி வரை சினிமாவின் தவறையே விடையாக எழுதினார்கள். "சினிமாவில் தவறு இருக்கலாம்" என்ற பொதுவான எச்சரிக்கை உதவவில்லை. எது தவறு என்று குறிப்பாகச் சொன்னபோதுதான் தவறு பெருமளவு குறைந்தது. உங்கள் வேலையின் முக்கால் பங்கு அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

கட்டபொம்மனை எடுத்துக்கொள்வோம். 1798-இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தார். சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. கிளார்க் என்ற அதிகாரி கொல்லப்பட்டார், அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். 1799 அக்டோபரில் கயத்தாற்றில், ஆங்கிலேயத் தளபதி பானர்மேன் நடத்திய விசாரணைக்குப் பிறகு தூக்கு. இவை பாடம். அந்தச் சந்திப்பில் பேசியதாக ஊருக்கே மனப்பாடமாக இருக்கும் வசனம் வசனகர்த்தா எழுதியது. பிள்ளைக்கு அது தெரியாது. "கட்டபொம்மன் ஜாக்சனிடம் என்ன கூறினார்?" என்று கேட்டால் வசனத்தை அப்படியே எழுதிவைப்பான். தாத்தாவும் வீட்டில் அதையே சொல்லிக் கொடுத்திருப்பார்.

ஆகவே முதலில் புத்தகம், பிறகு படம். பாடத்தைப் படித்து முடித்ததும் நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் "புத்தகத்தில்", வலப்பக்கம் "படத்தில்" என்று எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கத்தில் ஆண்டு, இடம், யார் யார் இருந்தார்கள், எப்படி முடிந்தது என்ற நான்கு வரி. பிறகு, "இப்போ பார்க்கப் போற காட்சியில இவங்க பேசுற வார்த்தை எழுத்தாளர் எழுதினது, உடை, அரண்மனை செட் போட்டது" என்று எதையெல்லாம் நம்பக்கூடாது என்பதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் காட்சி வேண்டாம். வலப்பக்கத்தை நிரப்பட்டும். பாடத்தில் இல்லாமல் படத்தில் மட்டும் இருப்பது எது என்று கண்டுபிடிப்பதில் எட்டாம் வகுப்புக்கு இருக்கும் வெறியைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

தூக்குக் காட்சி வேண்டாம். பாடத்துக்கு அது எதையும் கூட்டுவதில்லை. கதாநாயகன் அறிமுகமாகும் பாட்டும் வேண்டாம். விசில் பறக்கும் என்பது மட்டுமில்லை, தென்மாவட்டங்களில் சரித்திர வீரர்களை "எங்க ஆளு" என்று சாதிக்குள் இழுத்துக்கொள்ளும் பழக்கம் பள்ளி வாசல் வரை வந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பேச்சுவார்த்தைக் காட்சியில் அந்த ஆபத்து குறைவு, பாடம் அதிகம்.

கேள்வி: எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் ரைம்ஸ் வீடியோ போட்டால்தான் சத்தமில்லாமல் சாப்பிடுகிறார்கள் என்கிறார்கள். சரியா?
– ஒரு தந்தை, கோவை

பதில்: வேண்டாம். கண் திரையில் இருக்கும்போது வயிறு நிறைந்ததும் தெரியாது, நிறையாததும் தெரியாது. ஊட்டும் ஆயாவுக்குத்தான் வசதி. அடுத்து வரும் வகுப்புக்கும் அது இடைஞ்சல். 2011-இல் லில்லார்டும் பீட்டர்சனும் 60 நான்கு வயதுப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, 9 நிமிடம் வேகமான கார்ட்டூன், நிதானமான கல்விக் கார்ட்டூன், படம் வரைதல் என்று கொடுத்தார்கள். வேகமான கார்ட்டூன் பார்த்தவர்கள் உடனே நடந்த கவனம், பொறுமை சார்ந்த சோதனைகளில் பின்தங்கினார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்கிறது; அதில் பெரும்பகுதியை வீட்டு செல்போனே எடுத்துக்கொண்டிருக்கும். பாட்டு வேண்டுமென்றால் ஒலியாக மட்டும் போடலாம். திரையைத் துணியால் மூடிவிட்டால் ஆயிற்று.

கேள்வி: பரீட்சை முடிந்து லீவு விடுவதற்கு முந்தைய இரண்டு நாள், பிள்ளைகள் படம் போடச் சொல்லி நச்சரிக்கிறார்கள். போடலாமா? ஓடிடி கணக்கில் இருக்கும் படத்தைப் போட்டால் சட்டச் சிக்கல் வருமா?
– தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: போடுங்கள். பொழுதுபோக்கைப் பொழுதுபோக்கு என்று சொல்லியே காட்டுவதில் தவறில்லை. அறிவிப்புப் பலகையில் படத்தின் பெயர், நேரம், எந்தெந்த வகுப்பு என்று எழுதிவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டுப் பிள்ளைகளோடு உரையாடும் திட்டத்தைப் பள்ளிக் கல்வித்துறையே 2022-இல் தொடங்கியது. தொல்லை வருவது அறிவியல் பீரியடில் மசாலாப் படத்தைப் போட்டுவிட்டு, பாடக்குறிப்பில் "காணொளி வழிக் கற்றல்" என்று எழுதும்போதுதான்.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(ஜே) கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளில் ஒன்றாகத் திரைப்படம் காட்டுவதை மீறலாகக் கருதுவதில்லை. பார்வையாளர்கள் மாணவர், ஊழியர், பெற்றோர், பாதுகாவலர், நிறுவனச் செயல்பாட்டோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஊர் மக்களை எல்லாம் அழைத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். டிக்கெட் வசூலும் வேண்டாம். ஓடிடி நிறுவனத்தோடு உங்களுக்கு இருக்கும் ஒப்பந்தம் வேறு சங்கதி. பெரும்பாலான சந்தாக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் இருக்கும், விதிமுறையைப் படித்துவிட்டுப் போடுங்கள். டெலிகிராமில் இறக்கிய திருட்டுப் பிரதியைத் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஓட்டுவதை எந்தப் பிரிவும் காப்பாற்றாது. உரிமை பெற்ற டிவிடி பழைய பெட்டியில் இருந்தால் அதுவே மேல்.

தணிக்கைச் சான்றைப் பாருங்கள். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ வகை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது; ஆறாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒரே ஹாலில் உட்கார்ந்தால் சின்னவர்களுக்கு உரியதைத்தான் போட வேண்டும். யாராவது ஒரு ஆசிரியர் முழுப் படத்தையும் முன்பே பார்த்திருக்க வேண்டும், முதல் பாதியோடு விட்டுவிடக்கூடாது. பளிச்பளிச் என்று வெட்டும் வெளிச்சக் காட்சிகளையும் கவனியுங்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனின் சிவப்பு நீல ஒளிப் பளிச்சிடலைப் பார்த்து 600-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். வலிப்பு உள்ள பிள்ளை பள்ளியில் இருந்தால் பின்வரிசையில் உட்காரவைத்து, ஹாலை முழு இருட்டாக்காமல் ஒரு விளக்கை எரியவிடுங்கள். படம் பார்க்க விரும்பாத பிள்ளைக்கு நூலகத்தைத் திறந்து வையுங்கள். அப்படி இரண்டு பேராவது இருப்பார்கள்.

கேள்வி: வகுப்பில் பிள்ளைகளைச் சினிமாப் பாட்டுக்கு ஆடவைத்து டீச்சர் ரீல்ஸ் போடுகிறார். கேட்டால் "ஆக்டிவிட்டி" என்கிறார்.
– ஒரு பெற்றோர், மதுரை

பதில்: ஆடுவது ஆக்டிவிட்டியாக இருக்கட்டும். அதைப் படம் பிடித்து டீச்சரின் சொந்தக் கணக்கில் போடுவது பள்ளி வேலையில் சேராது. உங்கள் பிள்ளையின் முகம் இருக்கும் பதிவை நீக்கச் சொல்லித் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் அடுத்த ரீல்ஸில் அதுவே கன்டென்ட் ஆகிவிடும்.

கேள்வி: வகுப்பில் 32 அங்குல டி.வி. இருக்கிறது. பின்பெஞ்சு "தெரியல சார்" என்கிறது. நடுவில் விளம்பரம் வேறு. என்ன செய்யலாம்?
– ஆசிரியர், புதுக்கோட்டை

பதில்: தெரியாதுதான். கடைசி வரிசையின் தூரம் திரை உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும். சின்ன எழுத்து, பெயர் குறித்த வரைபடம் என்றால் நான்கு மடங்கு. 32 அங்குலப் பெட்டியின் உயரம் 40 செ.மீ., ஆக 2.4 மீட்டர் வரைதான் செல்லும். 55 அங்குலம் 4.1 மீட்டர், 65 அங்குலம் 4.9 மீட்டர். 20 அடி நீள அறைக்கு 65-ம் சற்றுக் குறைவே. இருப்பதை வைத்துச் சமாளிக்க, வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி முன்னே வந்து தரையில் உட்கார்ந்து பார்க்கும்போது மறுபாதி எழுதட்டும், பிறகு மாற்றுங்கள். படம் இரண்டு மூன்று நிமிடமாக இருந்தால் இது முடியும். பெட்டியின் கீழ் விளிம்பு, உட்கார்ந்த பிள்ளையின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிரே வைத்திருந்தால் சுவர் மாற்றுங்கள். கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தால் எத்தனை அங்குலமும் உதவாது. டி.வி.யின் ஒலி மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டாது, சின்ன ஸ்பீக்கர் ஒன்றை இணையுங்கள்.

விளம்பரத்துக்கு நல்ல வழி, இணையத்தை வகுப்புக்குள் கொண்டுவராமல் இருப்பது. திக்‌ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் பாடநூல் கியூஆர் குறியீட்டு வீடியோக்களை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நீங்களே எடுத்த வீடியோ என்றால் எம்பி4 கோப்பாகப் பென் டிரைவில் போடுங்கள். பழைய டி.வி.கள் ஹெச்இவிசி வடிவத்தை ஓட்டாது, ஒலி மட்டும் வரும் அல்லது "ஃபார்மேட் சப்போர்ட் இல்லை" என்று நிற்கும், ஹெச்.264 வடிவம் பெரும்பாலும் ஓடிவிடும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தது என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. யூடியூப்தான் வழி என்றால், பள்ளிக்கென்று தனிக் கணக்கு வைத்து, ஆட்டோபிளேயை அணைத்து, ரெஸ்ட்ரிக்டட் மோடை இயக்குங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் திறந்தால், நேற்று ராத்திரி நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பதைப் பரிந்துரைப் பட்டியல் வகுப்புக்கே சொல்லிவிடும். செல்போனை டி.வி.யோடு இணைக்கும்போது "டு நாட் டிஸ்டர்ப்" போட மறக்காதீர்கள், வாட்ஸ்அப் செய்தி 55 அங்குலத்தில் வந்து நிற்கும். பிள்ளைகள் வருவதற்கு முன் வீடியோவைத் திறந்து, தொடக்க விளம்பரத்தைக் கடத்தி, உங்களுக்கு வேண்டிய விநாடியில் நிறுத்தி வைத்துவிடுங்கள். நடுவில் விளம்பரம் வந்தால் உடனே திரையை அணைத்து, அதுவரை பார்த்ததில் ஒரு கேள்வி கேளுங்கள்.